அறுபத்தாறு என்று எழுதினேன்

“அன்னைக்கு நான் மட்டும் ஊசி போடலன்னா உன் மானம் கப்பலேறியிருக்கும்” என்றார் என் கணவர், தட்டை வழித்து விரலை நக்கிக்கொண்டே.

நான் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு ஒரு செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். வேலைக்குக் கிளம்புகிற நேரம் பார்த்து இந்த மனுஷன் எதையாவது இழுத்துப் போடுவார். நான் ஒன்று சொன்னால் அவர் ஒன்பது சொல்வார், அதற்குள் பேருந்து போய்விடும். பத்து நாளாக வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவருக்கு வாய்தான் வேலை.

“என்னைக்கு?” என்றேன், கட்டிலுக்கு அடியிலிருந்தே.

“பெரிய பீம் போட்ட அன்னைக்குத்தான். மூணாவது லாரி. தூண் மூலையில உன் காங்கிரீட் ஓடவே இல்ல. கம்பிக்கு இந்தப் பக்கமே குமிஞ்சு நின்னுடுச்சு. எல்லாரும் டீ குடிக்கப் போயிருந்தாங்க. நான்தான் ஊசிய எடுத்துட்டு வந்து, கால் மணி நேரம் விட்டு, அந்தப் பக்கம் இறக்கிவிட்டேன். பலகையப் பிரிச்சப்ப நீயே பார்த்தியே, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. தானா ஓடுமாம், தானா.”

செருப்பு கையில் அகப்பட்டுவிட்டது. எழுந்திருக்கத்தான் முடியவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே கட்டடத்தில் வேலை பார்க்கிறவர்கள். அவர் வைப்ரேட்டர் பிடிப்பவர். அதிர்ந்துகொண்டே இருக்கும் இரும்புக் குழாயை ஈரக் காங்கிரீட்டுக்குள் இறக்கி, ஜல்லியையும் சாந்தையும் மூலை முடுக்கெல்லாம் அமுங்க வைப்பது அவர் தொழில். அந்தக் குழாய்க்கு ஊசி என்று பெயர். அவருக்கும் அதே பெயர்தான். நான் காங்கிரீட்டைச் சோதிப்பவள். லாரியிலிருந்து எடுத்து அச்சில் ஊற்றிக் கட்டியாக்கி, தண்ணீர்த் தொட்டியில் ஊற வைத்து, இருபத்தெட்டாம் நாள் மெஷினில் நசுக்கி, எத்தனை தாங்கியது என்று எழுதுவேன். அந்தக் கட்டிக்கு கியூப் என்று பெயர், எனக்குக் கியூப்பக்கா.

இந்தக் கட்டடத்துக்கு வந்தது புது மாதிரிக் காங்கிரீட். ஊசியே வேண்டாம், ஊற்றினால் தானாக ஓடி, தானாக அமுங்கிக்கொள்ளும். அதனாலேயே அதில் ஜல்லி குறைவு, சாந்து அதிகம். அது வந்த நாளிலிருந்து வீட்டில் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. “இனிமே உங்க ஊசிய வெச்சு துணிதான் தைக்கணும்” என்று ஒரு நாள் அவர் கூட்டாளிகள் முன்னாலேயே சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்பு வேறு மாதிரி இருந்திருக்கிறது.

பெரிய பீம் போட்ட அன்று மூன்றாவது லாரி சாலையில் மாட்டி ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. வரும் ஒவ்வொரு லாரியிலிருந்தும் ஒரு கூம்பு நிறைய எடுத்து இரும்புத் தகட்டின் மேல் கவிழ்த்து, கூம்பைத் தூக்கினால், கலவை வட்டமாகப் பரவும். குறைந்தது அறுபத்தைந்து சென்டிமீட்டர் பரவ வேண்டும். டேப்பை வைத்துப் பார்த்தேன். ஐம்பத்து நாலு. தள்ளி வைத்து மறுபடி பார்த்தேன். அதே ஐம்பத்து நாலு.

திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை, “ஓடாது” என்று. ஆனால் நாலடி தூரத்தில், ஊசிக் கூட்டம் மொத்தமும் வேலையில்லாமல் கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் என் கணவர். “என்ன, ஓடுதா?” என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. “ஜோரா ஓடுது” என்றேன். நோட்டில் அறுபத்தாறு என்று எழுதினேன். யாரும் என் கழுத்தில் கத்தி வைக்கவில்லை. என் வீம்புதான் எழுதியது.

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊசி பிடித்தே இருபது வருஷம் ஓட்டியவருக்குக் கலவையைப் பார்த்தால் தெரியாதா? பெண்டாட்டி பொய் எழுதிவிட்டாள், அது வெளியே வரக் கூடாது என்று, யாருக்கும் தெரியாமல் ஊசியை எடுத்துவந்து மூடியிருக்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். காங்கிரீட்டில் மறைக்கலாம்.

“என்ன பேயறைஞ்ச மாதிரி உக்காந்துட்ட?” என்றார்.

“இன்னைக்கு ஒன்பது மணிக்கு அந்த பீமுக்கு முட்டு கழட்டுறாங்க” என்றேன்.

“கழட்டட்டும். அதுக்கென்ன?”

“கம்பி நெருக்கமா இருந்த இடத்துல ஜல்லி இந்தப் பக்கமே நின்னுடுச்சு. நீங்க ஊசி விட்டதுல சாந்து மட்டும்தான் அந்தப் பக்கம் போச்சு. அந்த மூலையில ஜல்லியே இல்லீங்க. வெறும் சாந்து. நீங்க விடாம இருந்திருந்தா அங்க ஒரு ஓட்டை இருந்திருக்கும். பலகையப் பிரிச்ச அன்னைக்கே எல்லாரும் பார்த்திருப்பாங்க. உடைச்சு மறுபடி போட்டிருப்பாங்க.”

அவர் எச்சில் தட்டோடு அப்படியே நின்றார். “மச்சான்தானே கழட்டுறாரு?” என்றார்.

ஆமாம். என் அண்ணன். காங்கிரீட் இறுகும்வரை பீமைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்கள்தான் முட்டு; கட்டடம் முழுக்க அதைக் கொடுப்பதும் கழற்றுவதும் அவருடைய ஆட்கள். பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றார் என் கணவர். நான் காத்திருக்கவில்லை. காலில் ஒன்று என் செருப்பு, இன்னொன்று அவருடையது என்று பேருந்தில் ஏறிய பிறகுதான் பார்த்தேன்.

பேருந்தில் ஏழெட்டு முறை அண்ணனுக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. எடுக்க மாட்டார் என்று எனக்கே தெரியும். பீமுக்குக் கீழே வேலை நடக்கும்போது கவனம் சிதறக் கூடாது என்று ஆட்கள் அத்தனை பேரின் ஃபோனையும் வாசல் காவலாளியிடம் ஒரு மரப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிடுவது அவர் போட்ட சட்டம். அந்தப் பெட்டிக்குள் என் பெயர் மின்னி மின்னி அணைந்திருக்கும். இன்ஜினியருக்குப் போட்டேன். பேசிக்கொண்டிருக்கிறார், பேசிக்கொண்டிருக்கிறார், பேசிக்கொண்டே இருக்கிறார்.

பீம் இரண்டு விதமாக உடையும். நடுவில் வளைந்து உடைவது ஒன்று. அது நல்ல சாவு. அடியில் மெல்லிய கீறல் விடும், தொய்யும், நாள் கணக்கில் முனகிக் காட்டிவிட்டுத்தான் போகும். ஓடுவதற்கு நேரம் இருக்கும். இன்னொன்றை நாங்கள் ஷியர் என்போம். தூணுக்குப் பக்கத்தில், சாய்வாக, கத்தியால் அறுத்த மாதிரி ஒரே வெட்டு. முன்னால் ஒரு வார்த்தை சொல்லாது. பயிற்சிக்குப் போன இடத்தில் ஒரு பழைய மாதிரிப் பீமையும் புது மாதிரிப் பீமையும் மெஷினில் வைத்து உடைத்துக் காட்டினார்கள். கியூப்பில் இரண்டும் ஒரே பலம். ஆனாலும் புதுசு கொஞ்சம் முந்தி வெட்டிக்கொண்டது. உடைந்த முகத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார்கள். பழசு கரடுமுரடு, ஜல்லிகள் பல்லைப் போலக் கடித்துக்கொண்டிருந்தன. புதுசு வழுவழு. கடிக்கப் பல் குறைவு. அதைச் சமாளிக்கத்தான் தூண் மூலையில் சுற்றுக்கம்பியை நெருக்கி நெருக்கிப் போடுகிறார்கள். அந்த நெருக்கம்தான் என்னுடைய ஓடாத கலவையை வழிமறித்திருக்கிறது. கம்பி இருக்கிறதே, அது தாங்காதா என்று பேருந்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொள்ளவும் உள்ளே ஒழுங்கான காங்கிரீட் வேண்டும். மேலே இரண்டு தளம் ஏறிவிட்டது.

நான் கியூப் பிடித்தது நேராக லாரியிலிருந்து. அதில் ஜல்லி இருந்தது. அதனால் கியூப் பாஸ்.

உள்ளே நுழைந்தபோது ஒன்பதே முக்கால். பீமின் நடுவில் இருந்த முட்டுகள் ஏற்கெனவே கழன்று தரையில் அடுக்கியிருந்தன. முட்டை நடுவிலிருந்து தொடங்கி இரண்டு ஓரத்துக்கும் கழற்றிக்கொண்டு போவதுதான் முறை. ஓரத்து முட்டுகள் போகப் போகத்தான் பாரம் தூண் மூலைக்கு முழுசாக வந்து சேரும். கடைசி முட்டை வேறு யாரையும் தொட விடாமல் அண்ணனே கழற்றுவார். அது அவர் வழக்கம்.

“அண்ணா, வெளிய வாங்க” என்று கூப்பிட்டேன்.

“வேலை நடக்குது, அப்புறம் வா.”

“அண்ணிக்கு உடம்பு சரியில்லையாம். மயக்கம் போட்டுட்டாங்களாம்.”

வாயில் முதலில் வந்த பொய் அதுதான். கை ஒரு தடவை பொய் எழுதியாகிவிட்டது, இன்னொன்று சொல்ல வாய்க்கு என்ன கஷ்டம்? அண்ணன் முகம் செத்துப்போனது. வெளியே ஓடிவந்தார். ஆனால் போகிறபோக்கில் ஆட்களிடம், “நீங்க பாருங்க, ஓரத்துல ரெண்டு ரெண்டு விட்டு வைங்க, வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டு வந்தார். உள்ளே ஆறு பேர். கழற்றும் சத்தம் நிற்கவில்லை.

மரப்பெட்டியைத் திறந்து வீட்டுக்குப் பேசினார். அண்ணிக்கு நல்ல கனத்த குரல். “எனக்கென்ன கேடு? நீங்கதான் வாங்க வேண்டியத வாங்காம போயிட்டீங்க” என்று அவர் திட்டியது எனக்கே கேட்டது. அண்ணன் ஃபோனை வைத்துவிட்டு என்னையும், என் காலில் இருந்த இரண்டு ஜாதிச் செருப்பையும் பார்த்தார்.

“என்ன விளையாட்டும்மா இது?”

அப்போது சொல்லியிருக்கலாம். அண்ணன் எந்த ரிப்போர்ட்டையும் வாங்கிப் பார்க்க மாட்டார். ஒவ்வொரு பீமுக்கும் என்னிடம் வந்து, “நீ பார்த்தியா?” என்று கேட்பார். “பார்த்தேன்” என்பேன். அதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்வார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பீமுக்குக் கீழே போவார். முந்தின நாள் மாலை கொடுத்த சீட்டு அப்போதும் அந்தப் பைக்குள் இருந்தது, வெள்ளையாக நுனி தெரிந்தது. அந்த முகத்தைப் பார்த்து, நான் எழுதியது பொய் என்று சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆறு பேர் உயிர் ஒரு தட்டில், என் முகம் ஒரு தட்டில். நான் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இன்ஜினியரப் பார்த்துட்டு வர்றேன், அதுவரைக்கும் ஓரத்து முட்டத் தொடாதீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு ஓடினேன்.

இன்ஜினியர் தகர அறையில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, தோளுக்கும் காதுக்கும் நடுவில் ஃபோனை இடுக்கியிருந்தார். நான் அதைப் பிடுங்கி மேசையில் வைத்தேன்.

“பெரிய பீம் முட்ட நிறுத்தச் சொல்லுங்க சார்.”

“எதுக்கு?” அவர் பேரேட்டை எடுத்துத் திருப்பினார். “மூணாவது லாரி, பரவல் அறுபத்தாறு. கியூப் மூணும் பாஸ். உங்க கையெழுத்துதானே இது?”

“அறுபத்தாறு இல்ல சார். ஐம்பத்து நாலு. நான் மாத்தி எழுதிட்டேன். தூண் மூலையில ஜல்லி போகல. எங்க வீட்டுக்காரர் ஊசி விட்டு வெளிய தெரியாம மூடிட்டாரு.”

ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். சொன்னதும் மூச்சு வந்தது. ஆனால் அவர் நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்த பார்வையில் பதற்றம் இல்லை.

“ஊசி ஆளுங்கள அடுத்த மாசத்துலேர்ந்து மொத்தமா நிறுத்திடுறோம்னு நேத்து எழுதிப் போட்டோம். இன்னைக்கு நீங்க வந்து புது காங்கிரீட் சரியில்லைங்கிறீங்க. நான் என்ன நினைக்கணும்?”

“சார், சத்தியமா—”

“ஒரு மாசம் சும்மா இருந்துட்டு இன்னைக்குச் சொல்றீங்க. அன்னைக்கு எழுதுனது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா? ஏதோ ஒண்ணு பொய்தானே?”

நான் ஒரு தடவை பொய் எழுதினேன், அதனால் இப்போது நான் சொல்லும் உண்மைக்கு மதிப்பில்லை. அவர் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது, ஆனால் அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். “ஒரு தடவை வந்து தட்டிப் பாருங்க சார், உங்க காலப் புடிச்சுக் கேக்கறேன்” என்றேன். நிஜமாகவே குனிந்துவிட்டேன். அவர் பதறி எழுந்தார்.

அந்த நேரத்தில்தான் வெளியே சுத்தியல் சத்தம் கேட்டது. முட்டு கழற்றும் சத்தம் இல்லை. உளியின் சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தோம். என் கணவர் தூண் மூலையில் ஏணி போட்டு ஏறி நின்று, கண்ணாடி மாதிரி இருந்த அந்தப் பீமின் பக்கவாட்டை உளியால் கொத்திக்கொண்டிருந்தார். சட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்றவர் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். கீழே காவலாளி, “இறங்குங்க, இறங்குங்க” என்று கத்திக்கொண்டிருந்தார். அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டு, “மாப்ள, பைத்தியமா உனக்கு?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கொத்தக் கொத்தச் சாந்து மாவாக உதிர்ந்தது. ஒரு ஜல்லி விழவில்லை. உளி பாதி வரைக்கும் உள்ளே போனது. அவர் மணிக்கட்டு மறையுமளவு குழி விழுந்தது, அப்போதும் ஜல்லி இல்லை. உள்ளே சுற்றுக்கம்பிக்குப் பின்னால் வெற்றிடமாக ஒரு கறுப்பு தெரிந்தது.

“சார்” என்றார் அவர், ஏணியிலிருந்தே. “நான்தான் ஊசி விட்டேன். இந்த மூலையில ஒரு ஜல்லியக் காட்டுங்க, நான் இப்பவே போயிடுறேன்.”

இன்ஜினியர் ஏணியில் பாதி ஏறிக் கையை விட்டுத் தடவினார். கையை வெளியே எடுக்கும்போது அவர் உதடு வெளுத்திருந்தது. “எல்லாரையும் வெளிய வரச் சொல்லுங்க” என்றார், அவ்வளவு மெதுவாக.

அண்ணன் இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடித்தார். ஆறு பேரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். அந்த மூலையில் இரண்டே முட்டு நின்றது. ஒன்று ஏற்கெனவே தளர்ந்து சாய்ந்திருந்தது. கொத்திய குழியிலிருந்து மேலே, தளத்தை நோக்கிச் சாய்வாக, தலைமயிர் அளவுக்கு ஒரு கோடு. வந்தபோது அது இல்லை. அது வளர்ந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன்.

மேலே இரண்டாம் தளத்தில் பூச்சு வேலைக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட இன்ஜினியர் படிக்கட்டில் ஓடினார். அவர்கள் இறங்கும்வரை இது நிற்க வேண்டும்.

“நாலு முட்டு இருந்தா போதும்” என்றார் அண்ணன். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. ஒரு முட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். ஆட்களில் ஒருவர் பின்னால் போகக் காலெடுத்தார், அண்ணன் கையைக் காட்டித் தடுத்தார். என் கணவர் தடுத்தால் நிற்கிற ஜாதி இல்லை. ஏணியிலிருந்து குதித்து இன்னொரு முட்டின் அடியைப் பிடித்துக்கொண்டார்.

“நீ போ மாப்ள.”

“நான் மூடின ஓட்டை மச்சான். புடிங்க.”

நான் வெளியே நின்றேன். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் ஏது? அண்ணன், கணவர், இரண்டு பேரும் அதன் அடியில். வாழ்க்கையில் எனக்கென்று இருக்கும் இரண்டு ஆண்கள், நான் எழுதிய ஒரு எண்ணுக்குக் கீழே. மேலே படிக்கட்டில் திமுதிமுவென்று கால்கள். கோடு நூல் அளவானது, பிறகு விரல் நகம் அளவானது. ஒரு முட்டு ஏறியது. அண்ணன் திருகை இறுக்கினார். இரண்டாவது ஏறியது. சாய்ந்திருந்ததை நிமிர்த்தினார்கள். அதற்கு அடியில் பலகை சரியாக உட்காரவில்லை, என் கணவர் காலால் உதைத்து உட்கார வைத்தார். “நல்லா இறுக்குங்க மச்சான்” என்ற குரல் கேட்டது.

சத்தம் ஒரே ஒரு தடவைதான். காய்ந்த கட்டை முறிகிற மாதிரி, ஆனால் நெஞ்சுக்குள் கேட்டது. பீமின் ஓரம் சாய்வாக வெட்டிக்கொண்டு, ஒரு விரல்கடை இறங்கி, முட்டுகளின் தலையில் உட்கார்ந்தது. இரும்பு முட்டுகள் கிரீச்சென்று முனகின. தூசி. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள், எனக்கு நினைவில்லை.

தூசிக்குள்ளிருந்து அண்ணன் முதலில் வந்தார், என் கணவரின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டு. கணவர் நெற்றியில் ரத்தம், வேறொன்றுமில்லை. பூச்சு ஆட்கள் கடைசி ஆள் வரை இறங்கி வாசலுக்கு வெளியே நின்றார்கள். முட்டுகள் தாங்கிக்கொண்டிருந்தன.

மத்தியானம் இன்ஜினியர் பேரேட்டை என் முன்னால் தள்ளினார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அறுபத்தாறை அடித்து ஐம்பத்து நாலு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார். எனக்கும் சேர்த்து, என் கணவருக்கும் சேர்த்து. சரி என்றேன். அதற்கு மேல் கேட்க எனக்கு உரிமை இல்லை.

வாசலில் என் கணவர் நெற்றியில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், “ஓட்டையாவே விட்டிருக்கணும்” என்றார்.

“நான் லாரியத் திருப்பி அனுப்பியிருக்கணும்” என்றேன். இத்தனை வருஷத்தில் நாங்கள் இருவரும் ஒரே விஷயத்தை ஒத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

அண்ணன் தன் ஆட்களுக்கு மரப்பெட்டியிலிருந்து ஃபோனை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி, தோளில் தட்டி. கடைசி ஆள் போன பிறகு பெட்டியைப் பூட்டிவிட்டு என்னிடம் வந்தார். “அண்ணா” என்றேன்.

சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்தார். நாலாக மடித்திருந்தது. என் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடிவிட்டார்.

“எனக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியாம உன்னக் கேக்கலம்மா. நல்லாவே படிக்கத் தெரியும். நீ பார்த்தா போதும்னுதான் கேட்டேன்.”

அவ்வளவுதான் சொன்னார். என் கணவரிடம் போய், “வலிக்குதா மாப்ள?” என்று கேட்டு, கையைக் கொடுத்து எழுப்பிவிட்டார். இரண்டு பேரும் பேருந்து நிறுத்தத்தை நோக்கி நடந்தார்கள். நான் சீட்டைப் பிரித்தேன். வியர்வையில் மை கொஞ்சம் கலங்கியிருந்தது, ஆனாலும் படிக்க முடிந்தது. பார்த்தேன் என்று எழுதி, கீழே என் கையெழுத்து. வழக்கமாக மூவரும் சேர்ந்து வீட்டுக்குப் போகும் பேருந்து வந்தது. அண்ணன் என் கணவரை ஏற்றிவிட்டு, நான் ஏறுவதைப் பார்த்ததும் தான் ஏறாமல், அடுத்ததில் வருவதாகச் சொன்னார்.